டி.ஐ. ரெசின் மாதக் கணக்கில்கூட நிற்பதில்லை, என்ன காரணம்?

நீலத்திரை:
வணக்கம் நண்பர்களே. 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளங்கள், பாசி மேய நத்தைகள், ஒரு இறால். தண்ணீருக்கு நான்கு கட்ட ஆர்.ஓ.டி.ஐ. (சவ்வு வடிகட்டலும் அயனி நீக்கமும் சேர்ந்த சுத்திகரிப்பு யூனிட்) ஓடுகிறது. 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக், 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) மெம்பிரேன், கடைசியில் நிறம் மாறும் டி.ஐ. ரெசின். ஆட்டோ டாப்-அப் மிதவையை யூனிட்டோடு நேராக இணைத்திருக்கிறேன். தொட்டியில் நீர் ஆவியாகிக் குறைந்தால் யூனிட் தானே ஓடி நிரப்பிவிடும்.

டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருட்களின் மொத்த அளவு) மீட்டரில் குழாய்நீர் 380, மெம்பிரேன் தாண்டி 26, ரெசின் தாண்டி 0. ஆனால் ரெசின் ஒரு மாதத்துக்குள் முழுக்க நிறம் மாறிவிடுகிறது. ரெசினின் தரம்தான் காரணமா? வேறு வகை போட்டுப் பார்க்கலாமா?

உப்புக்கணக்கு:
ரெசினைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு முன்னால் இருப்பவற்றைப் பார்க்க வேண்டும். மெம்பிரேன் விட்டுவைத்த உப்பைத்தான் ரெசின் பிடிக்கிறது. 26 வந்தால் 26-க்கு ஏற்ற வேகத்தில் தீரும், 13 வந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் வரும். உங்கள் மெம்பிரேன் 380-இல் 354-ஐப் பிடிக்கிறது, அதாவது 93 சதவீதம். நல்ல நிலையில் இருக்கும் மெம்பிரேன் 96 முதல் 98 வரை பிடிக்க வேண்டும்.

சில விவரங்கள் தேவை. அந்த 26-ஐ எப்போது எடுத்தீர்கள், யூனிட் ஓடத் தொடங்கியவுடனா அல்லது கொஞ்ச நேரம் ஓடிய பிறகா? மெம்பிரேனுக்கு முன்னால் பிரஷர் கேஜ் இருக்கிறதா? ஒரு நிமிடத்துக்கு நல்ல தண்ணீர் எவ்வளவு, வேஸ்ட் எவ்வளவு என்று அளவுக் குவளையில் பிடித்துச் சொல்லுங்கள். தண்ணீரின் வெப்பநிலையும் வேண்டும்.

கடற்பஞ்சு:
கடைசியில் 0 வருகிறதே, அப்புறம் என்ன கவலை? ரெசின் தீர்ந்தால் மாற்றிவிட்டுப் போகலாமே?

உப்புக்கணக்கு:
கடற்பஞ்சு, அந்த 0 முழுக் கதையையும் சொல்வதில்லை. டி.டி.எஸ். மீட்டர் அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை. அதை ஒரு எண்ணால் பெருக்கி பிபிஎம் என்று காட்டுகிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத பொருள் அதன் கண்ணில் படாது. சிலிகா அப்படிப்பட்டது. ரெசின் களைத்துப்போகும்போது முதலில் நழுவுவதும் சிலிகாதான், ஏனென்றால் ரெசின் அதைப் பலவீனமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. வலுவான அயனி வந்தால் சிலிகாவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். மீட்டர் 0 அல்லது 1 காட்டிக்கொண்டிருக்கும்போதே தொட்டிக்குள் சிலிகா போய்க்கொண்டிருக்கலாம். கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு டயட்டம் (சிலிகாவை எடுத்து வளரும் நுண்பாசி) திரும்பத் திரும்பப் படர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடல்நீர்த் தொட்டியில் இன்னொன்றும் இருக்கிறது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதை ஈடுகட்ட ஊற்றும் நீரில் வந்த அசுத்தம் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். நீலத்திரையின் 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். டாப்-அப் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால் ஒரு நாளில் 80 மில்லிகிராம் உள்ளே போகும். தொட்டியின் கணக்கில் அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். 30 நாளில் 12 ஆகிவிடும், மீனுக்குப் போடும் தீனியால் ஏறுவது தனி. நல்ல தண்ணீருக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

நீலத்திரை:
அளந்துவிட்டேன். ஓடத் தொடங்கிய உடனே மெம்பிரேன் நீர் 64 காட்டியது. இரண்டு நிமிடம் கழித்து 26. கால் மணி நேரம் விடாமல் ஓடிய பிறகு 18-இல் நின்றது. கேஜ் 38 பிஎஸ்ஐ. நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 140 மில்லி, வேஸ்ட் 620 மில்லி. நீர் 24 டிகிரி. கேஜ் கார்பனுக்குப் பின்னால், மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கிறது.

உப்புக்கணக்கு:
அருமை, இந்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

64, 26, 18 என்று இறங்கியது டி.டி.எஸ். கிரீப். யூனிட் நிற்கும்போது மெம்பிரேனின் இரண்டு பக்கமும் தண்ணீர் சும்மா நிற்கிறது. அழுக்குப் பக்கத்து உப்பு மெல்ல நல்ல பக்கத்துக்கு ஊறிவிடும். மறுபடி ஓடும்போது முதலில் வருவது அந்த ஊறிய நீர். உங்கள் மிதவை ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. அதனால் ரெசினுக்குப் போவது பெரும்பாலும் அந்த 64-உம் 26-உம்தான், 18 வருவதற்குள் யூனிட் நின்றுவிடுகிறது. மெம்பிரேன் நன்றாக வேலை செய்யும் நேரத்தை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

டாப்-அப்பை யூனிட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். உணவுத்தர பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று வைத்து, வாரத்துக்கு வேண்டியதை ஒரே ஓட்டத்தில் எடுங்கள். டாப்-அப் பம்ப் பீப்பாயிலிருந்து இழுக்கட்டும். மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவில் ஒரு மூவழி வால்வு போட்டு, ஓடத் தொடங்கிய முதல் சில நிமிட நீரை வெளியே விட்டுவிட்டு, எண் இறங்கிய பிறகு ரெசின் பக்கம் திருப்புங்கள். இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மிதவை சிக்கிக்கொண்டால் பீப்பாயில் இருப்பது மட்டும்தான் தொட்டிக்குள் போகும். குழாயோடு நேராக இணைத்திருந்தால் நன்னீர் கொட்டிக்கொண்டே இருந்து உப்பளவு சரிந்துவிடும். 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) உப்பளவில் பழகிய பவளங்களும் இறாலும் அதைத் தாங்காது.

அழுத்தம் இரண்டாவது விஷயம். 75 ஜிபிடி என்றால் ஒரு நாளைக்கு சுமார் 284 லிட்டர், நிமிடத்துக்கு சுமார் 197 மில்லி. அது உறையில் போட்டிருக்கும் அழுத்தத்தில், 25 டிகிரியில் வர வேண்டிய அளவு. சில மெம்பிரேனுக்கு அந்த அழுத்தம் 50 பிஎஸ்ஐ, சிலவற்றுக்கு 60-க்கும் மேல். 38-இல் 140 மில்லி வருவது நியாயமானதுதான், அதனால் மெம்பிரேன் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மட்டும் குறைவதில்லை, தரமும் குறையும். மெம்பிரேனைத் தாண்டும் நீரின் அளவு அழுத்தத்தோடு கூடிக் குறையும், உப்பு கசிவதோ அநேகமாக ஒரே அளவில் நடந்துகொண்டிருக்கும். நீர் குறைந்தால் அதே உப்பு குறைந்த நீரில் சேரும், எண் ஏறும்.

செடிமென்ட் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்?

பவளமேடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் நீர் குளிர்காலத்தில் 15 டிகிரி வரை இறங்கும், அப்போது வரத்து ரொம்பக் குறைந்துவிடுகிறது. மெம்பிரேன் அடைத்துக்கொண்டதா அல்லது குளிரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புக்கணக்கு:
ஒரு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 3 சதவீதம் வரத்து குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 25-இல் 197 மில்லி தரும் மெம்பிரேன் 15-இல் 140-க்குக் கொஞ்சம் மேலே தந்தால் அது குளிரின் வேலை. அதைவிட மிகக் குறைவு என்றால் அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தமும் சரி என்றால்தான் மெம்பிரேன்மீது சந்தேகப்பட வேண்டும். வெந்நீர்க் குழாயோடு இணைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், சூட்டில் மெம்பிரேன் கெட்டுவிடும்.

அடிமணல்:
வேஸ்ட் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பங்கு நல்ல நீருக்கு நான்கு பங்கு வேஸ்ட் என்பதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. வேஸ்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரை மாற்றி ஒன்றுக்கு ஒன்று என்று ஓட்டலாமே? நான் ஒன்றுக்கு இரண்டு வைத்து நீண்ட காலமாக ஓட்டுகிறேன், குறை ஒன்றும் தெரியவில்லை.

உப்புக்கணக்கு:
உங்கள் நீர் மென்மையாக இருந்தால் ஓடும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் இல்லை. ஒன்றுக்கு நான்கு என்றால் வேஸ்ட் பக்கத்தில் உப்பு 1.25 மடங்கு செறிவாகிறது. ஒன்றுக்கு இரண்டு என்றால் 1.5 மடங்கு. ஒன்றுக்கு ஒன்று என்றால் 2 மடங்கு. கடின நீரில் அந்த இரண்டு மடங்குக்குக் கால்சியம் கார்பனேட் மெம்பிரேன்மேலேயே படியத் தொடங்கும். படிந்த சுண்ணாம்பு நீர் வழியை அடைக்கும், வரத்தும் தரமும் சேர்ந்தே விழும். மிச்சம் பிடித்த தண்ணீரின் லாபம் புது மெம்பிரேனில் போய்விடும்.

கடினத்தன்மையை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முன்னால் சாஃப்ட்னர் (கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்குச் சுண்ணாம்புப் பயம் குறைவு, அவர்கள் விகிதத்தைக் குறைக்கலாம். மற்றவர்கள் வேஸ்ட் நீரைப் பிடித்துத் தரை துடைக்க, துணி அலச, கழிவறைக்குப் பயன்படுத்தலாம். கார்பன் தாண்டி வந்த நீர் அது, கொஞ்சம் உப்பு அதிகம், அவ்வளவுதான்.

மெம்பிரேனை வேறு அளவுக்கு மாற்றினால் ரெஸ்ட்ரிக்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். 150 ஜிபிடி மெம்பிரேனைப் போட்டுவிட்டு 75-க்கான ரெஸ்ட்ரிக்டரையே விட்டால் விகிதம் தானாகவே ஒன்றுக்கு இரண்டு பக்கம் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நீலத்திரை:
செடிமென்ட், கார்பன் இரண்டையும் மாற்றினேன். கேஜ் 38-இலிருந்து 52-க்கு ஏறிவிட்டது! பழைய செடிமென்ட் வெளிப்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு. இப்போது நல்ல நீர் நிமிடத்துக்கு 190 மில்லி, வேஸ்ட் 750. கால் மணி நேரம் ஓடிய பிறகு மெம்பிரேன் தாண்டி 13. பீப்பாயும் வைத்துவிட்டேன்.

செடிமென்டை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது? ஆறு மாதம் என்று உறையில் இருக்கிறது.

உப்புக்கணக்கு:
13 என்றால் 96.6 சதவீதம். மெம்பிரேன் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

செடிமென்டுக்கு மாதக் கணக்கு வேண்டாம், கேஜைப் பாருங்கள். புதிதாக மாற்றிய அன்று 52. ஓடும்போது அது 44, 45-க்கு வந்தால் மாற்றும் நேரம். கலங்கல் நீர் வரும் பருவத்தில் சீக்கிரம் அடைக்கும், மற்ற நாளில் ஆறு மாதம் தாண்டியும் போகும். குழாயின் அழுத்தமே குறைந்த நாளில் ஏமாறாமல் இருக்க, செடிமென்டுக்கு முன்னால் இன்னொரு கேஜ் வைத்தால் இன்னும் நல்லது.

கார்பன் அப்படி இல்லை. அது அடைப்பதற்கு முன்பே சக்தி தீர்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதன் அளவு லிட்டர் கணக்கில் இருக்கும். அங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். கார்பன் வழியாகப் போவது வேஸ்டும் சேர்த்து. 100 லிட்டர் நல்ல நீர் எடுத்தால் கார்பன் ஏறக்குறைய 500 லிட்டரைச் சுத்தம் செய்திருக்கிறது. கார்பன் தீர்ந்தால் குளோரின் மெம்பிரேனைத் தொடும். இந்த மெம்பிரேன்கள் பாலிஅமைடு, குளோரின் அதைச் சிறிது சிறிதாக அரித்துவிடும், திரும்பச் சரி செய்ய வழியே இல்லை. சோதிப்பது சுலபம். வேஸ்ட் குழாயில் நீர் பிடித்து மொத்தக் குளோரின் கிட்டில் பாருங்கள். அந்த நீர் கார்பனைத் தாண்டி வந்தது. நிறம் துளி தெரிந்தாலும் கார்பனை மாற்றிவிட வேண்டும்.

சிப்பிமுத்து:
மொத்தக் குளோரின் என்று சொன்னது முக்கியம். தனிக் குளோரின் மட்டும் காட்டும் கிட் சிலரிடம் இருக்கிறது, அதில் குளோரமைன் தெரியாது. எங்கள் குடிநீர் வாரியம் குளோரமைன் போடுகிறது. கார்பன் குளோரமைனை உடைத்தால் குளோரின் போய்விடும், அம்மோனியா மிஞ்சும். அதில் ஒரு பங்கு மெம்பிரேனையும் தாண்டும், ரெசின்தான் கடைசியில் பிடிக்கிறது. ஆகவே ரெசின் களைக்கும்போது அம்மோனியா வெளியே வர வாய்ப்பு உண்டு. நான் பீப்பாய் நீரை அவ்வப்போது அம்மோனியா கிட்டில் சோதிப்பேன். கார்பனும் சாதாரணமானதைவிட, குளோரமைனுக்கென்று வரும் கேட்டலிட்டிக் கார்பன் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு கார்பனை வரிசையாக வைத்தால் நீர் அதனோடு தங்கும் நேரம் கூடும், இன்னும் நல்லது.

கடற்பஞ்சு:
உப்புக்கணக்கு, விளக்கத்துக்கு நன்றி, இப்போது புரிகிறது. வீட்டில் குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. அதிலிருந்து குழாய் எடுத்து ஒரு டி.ஐ. மட்டும் மாட்டிக்கொள்ளலாமா?

சிப்பிமுத்து:
எடுக்கலாம், ஆனால் எந்த இடத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். குடிநீர் இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். சிலவற்றில் மெம்பிரேன் தாண்டிய நீரோடு கொஞ்சம் வடிகட்டிய மூலநீரைக் கலக்கும் அமைப்பும் இருக்கும். அந்த நீரை ரெசினுக்கு விட்டால் சில நாளில் காலி. மெம்பிரேனின் வெளிவாயிலிலேயே, அவற்றுக்கெல்லாம் முன்னால், கிளை எடுக்க வேண்டும். அழுத்தத் தொட்டி உள்ள யூனிட் என்றால் அது நிரம்ப நிரம்ப மெம்பிரேனுக்கு எதிர் அழுத்தம் கொடுக்கும், தரம் குறையும். மீன் தொட்டிக்கு எடுக்கும்போது அதன் வால்வை மூடிவிடுங்கள்.

நீலத்திரை:
மறுபடியும் வந்திருக்கிறேன். ரெசின் முன்னைவிட நீடிக்கிறது, ஆனால் கணக்குக்கு ஏற்ற அளவு இல்லை. 64-ஐயும் 26-ஐயும் தவிர்த்து 13-க்குக் கொண்டு வந்தும் இரண்டு மடங்குகூட வரவில்லை. சொல்ல மறந்தது, எங்கள் கட்டடத்துக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர்.

உப்புக்கணக்கு:
கிணற்று நீரா? அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு. வாயு என்பதால் மெம்பிரேன் அதைத் தடுப்பதே இல்லை. டி.டி.எஸ். மீட்டரும் அதைப் பெரிதாகக் காட்டாது. ஆனால் ரெசினுக்குள் போனதும் பைகார்பனேட்டாக மாறி எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் ரெசினைத் தின்னத் தொடங்கும். மீட்டர் 13 என்று காட்டினாலும் ரெசின் சுமக்கும் சுமை அதைவிடப் பல மடங்காக இருக்கலாம்.

ஒரு குவளை குழாய்நீரின் பிஎச்சை உடனே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே நீரை ஏர் ஸ்டோன் போட்டு ஒரு இரவு குமிழ விட்டு, காலையில் மறுபடி அளங்கள். நன்றாக ஏறியிருந்தால் கார்பன் டை ஆக்சைடு மிகுதி. ஆர்.ஓ. நீரில் இதைச் செய்ய வேண்டாம், அதில் பிஎச் மீட்டர் நிலையாக நிற்காது.

நீலத்திரை:
மாலையில் 7.0, காலையில் 8.0.

உப்புக்கணக்கு:
அதேதான். ஆர்.ஓ. நீரை முதலில் ஒரு பீப்பாயில் பிடித்து, ஏர் பம்ப் வைத்து ஒரு நாள் குமிழ விடுங்கள். பெரும்பகுதி வாயு பறந்துவிடும். பிறகு சின்ன பம்ப் மூலம் ரெசின் வழியாக அடுத்த பீப்பாய்க்கு அனுப்புங்கள். காற்று எடுக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும், மூடிய அறையின் காற்றிலேயே அந்த வாயு அதிகம். இரண்டு பீப்பாய்க்கு இடம் இல்லை என்றால், கலப்பு ரெசினுக்கு முன்னால் நேர்மின், எதிர்மின் ரெசின்களைத் தனித்தனிக் குடுவையில் வைக்கலாம். உங்கள் நீரில் எதிர்மின் ரெசின்தான் முதலில் தீரும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

பவளமேடு:
ரெசின் குடுவையை இரண்டாக வரிசையில் வைப்பவர்கள் இருக்கிறார்களே, அது வீணா?

உப்புக்கணக்கு:
வீணே இல்லை, எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். முதல் குடுவைக்குப் பின்னால் மீட்டரை வையுங்கள். அது 0-ஐத் தாண்டியதும் முதல் குடுவையைக் காலி செய்து, இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புது ரெசினைப் பின்னால் வைக்க வேண்டும். முதலாவது கசியவிடும் சிலிகாவை இரண்டாவது பிடித்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், நிறம் பெரும்பாலும் ஒரு வகை ரெசினின் நிலையைத்தான் சொல்லும். ரெசினைத் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்புங்கள். இடைவெளி இருந்தால் நீர் அந்த வழியாகவே ஓடிவிடும், பாதி ரெசின் தொடப்படாமல் கிடக்கும்.

அடிமணல்:
ஃபில்டர் மாற்றும்போது ஹவுசிங் (ஃபில்டர் உட்காரும் குடுவை) எப்போதும் எனக்குக் கசிகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லை.

சிப்பிமுத்து:
இறுக்குவதை நிறுத்துங்கள், விரிசல் விடும். ஓ-ரிங்கைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தை விரலால் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலே கசியும். ஓ-ரிங் தட்டையாகிவிட்டிருந்தால் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவிக் கையால் இறுக்கினாலே போதும். பெட்ரோலியம் ஜெல்லி கூடாது, ரப்பரை ஊத வைத்துவிடும். ஃபில்டர் மாற்றும்போதே ஹவுசிங்கின் உள்பக்க வழவழப்பையும் கழுவிவிடுங்கள். கண்ணாடி போன்ற ஹவுசிங் வெயில் படும் இடத்தில் இருந்தால் பச்சைப் பாசி பிடிக்கும், இடத்தை மாற்றுங்கள்.

ரெசின் தாண்டிய பிறகு பித்தளை இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவ்வளவு சுத்தமான நீர் உலோகத்தைக் கரைக்கும். பித்தளையில் இருக்கும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். முழுக்க பிளாஸ்டிக் இணைப்புகளே போடுங்கள்.

பவளமேடு:
வீடு பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால் யூனிட்டை என்ன செய்வது?

உப்புக்கணக்கு:
குழாயை மூடிவிட்டு, மெம்பிரேன் ஹவுசிங்கில் நீர் வடியாமல் விட்டுவிடுங்கள். ஒரு தடவை நனைந்த மெம்பிரேன் காயக் கூடாது. திரும்பி வந்ததும் ஃபிளஷ் வால்வைத் திறந்து சில நிமிடம் வேகமாக ஓட விடுங்கள். பிறகு நல்ல நீரையும் ஒரு மணி நேரமாவது வெளியே விட்டுவிட்டு, எண் பழைய இடத்துக்கு வந்ததும் ரெசினுக்குத் திருப்புங்கள். புது மெம்பிரேன் போடும் நாளிலும் இப்படித்தான், அதில் பதப்படுத்த வைத்த மருந்து இருக்கும். முதலில் வரும் நீரை ரெசினுக்கோ தொட்டிக்கோ விடக் கூடாது.

நீலத்திரை:
குமிழ விடும் பீப்பாய் ஓடுகிறது. போன தடவை ரெசின் பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்த அதே அளவு தண்ணீருக்கு, இப்போது அடியில் ஒரு விரல் அளவுதான் மாறியிருக்கிறது. ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ரெசின் தாண்டிய நீர் 0 காட்டுகிறது, மறுநாள் பீப்பாயில் அளந்தால் 1. பீப்பாயில் ஏதாவது கரைகிறதா?

உப்புக்கணக்கு:
இல்லை, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கரைந்திருக்கும். தூய நீர் காற்றோடு இருந்தால் 1 வரை காட்டுவது இயல்பு. பீப்பாயை மூடியே வையுங்கள். 3, 4 என்று ஏறினால் மட்டும் முதலில் மீட்டரை 342 பிபிஎம் திரவத்தில் சரிபாருங்கள். அளக்கும் குவளையையும் அதே நீரால் இரண்டு முறை அலசிவிட்டு அளங்கள். அதற்கும் இறங்காவிட்டால் எண்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.